என் மடியின் சிக்னிஃபிகன்ஸ்

அன்புள்ள பாக்யலட்சுமிக்கு,

ஊரிகத்தில் நீயும் உன் முட்டிவலியும் நலமா? மஸ்கட்டில் நானும் என் டபுள் டூட்டியும் நலம். போனில் சொன்னால் சிரித்தே என்னைக் கொன்றுவிடுவாய், அதனால் எழுதுகிறேன். இங்கே கேட்டில் காவல் நிற்கும்போது எவர் எது கேட்டாலும், ‘நோ சிக்னிஃபிகன்ஸ் சார்’ என்றே சொல்லிவந்தேன். ‘ஒரு தொந்தரவும் இல்லை’ என்று அதற்கு அர்த்தம் என நினைத்திருந்தேன்.

தங்கை சுமாவின் குழந்தைக்குக் காது குத்துகிறார்களே, அதற்கு லீவு கேட்டேன். சூப்பர்வைசர், “அங்கே உன் சிக்னிஃபிகன்ஸ் என்ன?” என்றார். வாய்ப்பழக்கத்தில் அதையே சொன்னேன். லீவு இல்லை என்றுவிட்டார்.

என் அறையில் இருக்கும் மாரிகுப்பத்து ஹரிஷ் தலையில் அடித்துக்கொண்டான். “இன்னா மாமா, நீங்க அங்க இருக்கிறதுக்கு இன்னா அர்த்தம், இல்லைன்னா இன்னா கொறையும்னு கேட்டாரு. ஒண்ணும் கொறையாதுன்னு நீங்களே சொல்லிட்டு வந்துக்கிறீங்களே!”

அன்று இரவு டூட்டி முடிந்து கால் வீங்கிப் படுத்திருந்தபோது, நான் இல்லாவிட்டால் ஒன்றும் குறையாது என்பது மெய்தானோ என்றும் தோன்றியது. என் தலையணையை யாருக்கும் கொடுத்துவிடாதே. மாங்காய் ஊறுகாய் கொஞ்சம் எடுத்துவை.

டூட்டி வண்டி ஹாரன் அடிக்கிறது, முடித்துவிடுகிறேன். மறுநாள் சூப்பர்வைசரிடம் போய், “கிரேட் சிக்னிஃபிகன்ஸ் சார்” என்றேன். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து மடியைத் தட்டிக் காட்டினேன். நாற்காலியின் கால் முறிந்தது. நான் தரையில் இருக்கும்போதே லீவுக்குக் கையெழுத்துப் போட்டார்.

உன்
துரை