கிழக்குக் கரையில் முப்பத்தொன்று

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று முப்பத்தொன்று என்று எழுதினேன். போன வாரம் இருபத்தொன்பது, அதற்கு முந்தைய வாரம் முப்பது. ஒரே எண்ணை அடுத்தடுத்து எழுதினால் சந்தேகம் வரும். அதில் மட்டும் கவனமாக இருக்கிறேன்.

ஏரியின் கிழக்குக் கரையில், நீரில் முங்கி முங்கி எழும் முக்குளிப்பான் பறவைகளை எண்ணி, வாரா வாரம் ஏரி அலுவலகத்துக்குத் தாள் அனுப்புவது என் பொறுப்பு. சம்பளம் கிடையாது, ஆசைப்பட்டுச் சேர்ந்தது. ஏரிப் பக்கம் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒரு மழை நாளில், போகும் வழியிலுள்ள பேக்கரியில் ஒதுங்கினேன். மழை விடுவதாக இல்லை. முந்தைய வாரத்து எண்ணில் ஒன்றைக் குறைத்து எழுதிவிட்டு வீடு திரும்பினேன். அடுத்த ஞாயிறு மழை இல்லை. அன்றும் பேக்கரியில்தான் உட்கார்ந்தேன். என் வீட்டில் ஏழு பேருக்கு ஒரே குளியலறை. யாரும் என்னைக் கூப்பிடாத ஒன்றரை மணி நேரம், ஒரு பன், ஒரு டீ — விட மனசு வரவில்லை. கழுத்தில் பைனாகுலர் வேறு தொங்கும்.

பேருந்துப் பணிமனையில் நேரம் குறிப்பவன் நான். ஓட்டுநர்கள் தலைகீழாக நின்றாலும் ஒரு நிமிடம் மாற்றி எழுதமாட்டேன். ஆறு நாள் அப்படி, ஏழாம் நாள் இப்படி.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஏரி அலுவலர் போன் செய்தார். இயற்கையைப் பாதுகாக்க உழைத்த தன்னார்வலர்களைக் கௌரவிக்கப் போகிறார்களாம். சனிக்கிழமை இருபத்திரண்டாம் தேதி விழா. "ஆறு வருஷம், ஒரு வாரம்கூட விடல. உங்க பேருதான் சார் முதல்ல."

மேற்குக் கரையில் எண்ணுகிற தையல் அக்காவுக்கும் உண்டா என்று கேட்டேன். நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் சேர்ந்தோம். ஏரி பெரிது. ஒரு கரையில் நிற்பவர் அடுத்த கரைக்குத் தெரியமாட்டார். ஒருவர் எண் மற்றவரைப் பாதிக்கும் என்பதால் எண்ணிக்கையை எங்களுக்குள் சொல்லிக்கொள்ளவும் கூடாது. அது விதி.

அலுவலர் குரலைத் தாழ்த்தினார். "அவங்க கணக்கு ஒரு வருஷமா சரிஞ்சுக்கிட்டே வருது சார். அஞ்சு, ஆறுங்கறாங்க. உங்க தாள் இருந்ததால பயப்படாம இருந்தோம். கண்ணு மங்கியிருக்கும்னு பக்குவமா சொல்லிட்டு, அவங்க தாளை ஒதுக்கி வெச்சுட்டோம். ஏரியில மோட்டார் படகு விட அனுமதி நீட்டிச்சதுகூட உங்க தாளைப் பாத்துதான்."

"ரொம்ப நன்றி சார்" என்றேன். நன்றியாம்.

பிப்ரவரி 13, வியாழன்

விழாவுக்கு மூத்தவளுக்குப் புது உடை தைக்கக் கொடுக்கலாம் என்று என் மனைவி தையல் அக்கா கடைக்குப் போனாள். துணியோடு திரும்பி வந்தாள்.

"நுணுக்க வேலையெல்லாம் விட்டுட்டாங்களாம். கண்ணு சரியில்லன்னு ஏரி ஆபீஸ்லயே சொல்லிட்டாங்களாமே. இப்ப தலையணை உறையும் திரைச்சீலையும்தான் தைக்கிறாங்க. கண்ணாடி போட்டிருக்காங்க, போட்டா தலைவலிக்குதாம். பாவமா இருந்துச்சு."

தட்டைத் தள்ளி வைத்தேன். வயிறு சரியில்லை என்றேன். அதுவும் பொய்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஏரிக்குப் போனேன். நான்கு.

மூன்று முறை எண்ணினேன். நாணலோரம் கூடுகள் மிதந்த இடத்தில் படகு எழுப்பிய அலை வந்து அடிக்கிறது. ஒரு கூடுகூட இல்லை. அக்காவின் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. குறை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

தாளை அனுப்பவில்லை.

பிப்ரவரி 19, புதன்

சொல்லிவிடுவது என்று லீவு போட்டு அலுவலகத்துக்குப் போனேன். அலுவலர் என்னைப் பார்த்ததும் பாராட்டுப் பலகையை எடுத்துக் காட்டினார். "நல்லவேளை வந்தீங்க. பேருல எழுத்துப் பிழை இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். இல்லை என்றேன். வந்துவிட்டேன்.

இதற்கா லீவு? சீ.

பிப்ரவரி 20, வியாழன்

நாளைக்குச் சொல்லிவிடலாம்.

பிப்ரவரி 21, வெள்ளி

சொல்லவில்லை.

பிப்ரவரி 22, சனி

வாங்கிக்கொண்டேன். மேடையேறி, சிரித்து, படத்துக்கு நின்று, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். மூன்றாம் வரிசையில் தையல் அக்கா. மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவர் கைதட்டிக்கொண்டிருந்தார்.

விழா முடிந்து, குடிநீர்க் குழாய் அருகே என்னைத் தேடி வந்தார். "மனசு நிறைஞ்சு போச்சு தம்பி. என் கண்ணுதான் என்னைக் கவுத்துருச்சு. நீ விடாம போனதால ஏரிக்கு ஒண்ணும் ஆகலன்னு தெரிஞ்சுது."

அங்கேயே சொன்னேன். மனைவி பக்கத்தில் நின்றாள். நான் போகவே இல்லக்கா, உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு, நான் எழுதினதெல்லாம் பொய்யிக்கா — வார்த்தைகள் முன்னுக்குப் பின் வந்தன.

"எத்தனை வாரம்?"

"அறுபத்திரெண்டு."

கண்ணாடியைக் கழற்றி, மடித்து, அதன் பெட்டியில் வைத்து மூடினார். "ஊசியில நூல் ஒரே தடவைல போகும். அப்பவும் என்னை நானே நம்பலடா" என்றார். திட்டியிருந்தால் தேவலை. பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் மனைவி கேட்டாள். "அத்தனை ஞாயித்துக்கிழமையும் பேக்கரிலயா உக்காந்திருந்தீங்க?"

"ம்."

"என்னையும் கூட்டிட்டுப் போயிருக்கலாமே."

அவளுக்கும் அதே ஏழு பேர், அதே குளியலறை. இது எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

பலகையையும் ஒரு கடிதத்தையும் அலுவலர் மேசையில் வைத்தேன். இரண்டு முறை படித்தார். "உங்க தாள் மொத்தத்தையும் தள்ளணும் சார். முதல் அஞ்சு வருஷத்தையும் சேர்த்து. எது நெசம்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது?"

அந்த ஐந்து வருடம் உண்மையாகவே எண்ணியது. காய்ச்சலோடுகூடப் போயிருக்கிறேன். அதைச் சொல்ல வாயெடுத்தேன், எந்த முகத்தோடு சொல்வது?

பணிமனைக்குச் செய்தி எனக்கு முன்பே போய்விட்டது. ஒரு ஓட்டுநர் என் மேசையில் சாய்ந்துகொண்டு, "அண்ணே, நம்ம வண்டி அரை மணி நேரம் முன்னாடியே வந்துருச்சுன்னு எழுதிக்குங்க. உங்களுக்குத் தெரியாததா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

படகுகளை நிறுத்திவிட்டார்கள். போன பறவைகள் திரும்புமா என்று யாருக்கும் தெரியாது. அக்காவுக்கு ஒரு விழா எடுக்கலாம் என்று அலுவலர் போய்ச் சொன்னாராம். "கண்ணு நல்லாயிருக்குன்னு பலகை குடுப்பீங்களா?" என்று அக்கா கேட்டு, அவரைத் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

போன வாரம் அக்கா கடைக்குப் போய், ஏரிக்கு வரலாமா என்று கேட்டேன். ஒரு சட்டையின் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. "வா. தனியா எண்ண விடமாட்டேன்."

இன்று மேற்குக் கரையில் அவர் பக்கத்தில் நின்றேன். அவர் சொல்ல நான் எழுத வேண்டும். "அஞ்சு" என்றார். எனக்கு ஆறு தெரிந்தது. தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"முங்குனதே தள்ளிப் போய் மேல வந்துருக்கு. நல்லாப் பாரு."

பார்த்தேன். ஐந்துதான். எழுதினேன். தாளை என் கையிலிருந்து வாங்கி, நான் எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டார்.