தூணுக்குப் பின்னால் நாற்காலி

மார்ச் 9, திங்கள்

இன்றும் குதிரைப் பந்தயப் பேப்பர் இரண்டு வாங்கினேன். ஒன்று நான் படிக்க. இன்னொன்று என் கணவர் வெர்னனின் நாற்காலிக்கு.

இந்த ஊர் காசினோக்களில், குதிரைப் பந்தயத்தை டி.வி.யில் பார்த்துப் பணம் கட்டும் ரேஸ் அறைகளில் அதுதான் வழக்கம். நாலாக மடித்த பேப்பர் நாற்காலியில் இருந்தால் அதற்கு ஆள் உண்டு, கவுண்டருக்கோ கழிப்பறைக்கோ போயிருக்கிறார் என்று அர்த்தம். குடித்துவிட்டுத் தள்ளாடி வருகிறவன்கூட அதில் உட்கார மாட்டான். ஜனவரியில் அவரை அடக்கம் செய்த மறுநாள் அவர் கூட்டாளி ஸ்டாவ்ரோ தன் பேப்பரை மடித்து அங்கே வைத்தான். அன்றிலிருந்து வெர்னன் கழிப்பறைக்குப் போயிருக்கிறார்.

இன்றைக்குச் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. சில்வர் மியூல் காசினோவில் ரேஸ் அறை இந்த மாதக் கடைசியோடு மூடப்படுகிறதாம். அந்த இடத்தில் காசு போட்டு ஆடும் மிஷின்கள் வைப்பார்களாம். எங்களோடு உட்காரும் க்ளோவிஸ் சத்தமாகப் படித்துக் காட்டினார்.

ஸ்டாவ்ரோ வாசலில் நிற்கும் வெள்ளிக் கோவேறு கழுதைச் சிலையைக் காட்டி, "பாத்தியா! கழுதைய வாசல்ல நிறுத்திட்டு குதிரைய வெரட்டறானுங்க" என்றான்.

சிரித்தோம். வீட்டுக்கு வந்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 10

அந்த நாற்காலி தூணுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கிருந்து ஒரு டி.வி.யும் தெரியாது. வேறு யாருக்கும் அது வேண்டாம். அதனால்தான் அவருக்குப் பிடித்தது.

மார்ச் 12, வியாழன்

இனி எங்கே போவது என்று ஸ்டாவ்ரோவும் க்ளோவிஸும் சண்டை.

ஸ்டாவ்ரோ நாற்பது வருஷம் டாக்ஸி ஓட்டியவன். பெரிய சாலையில் இருக்கும் பல்மைரா காசினோவுக்குத்தான் போக வேண்டும் என்கிறான். தோல் சோபா, வீட்டுச் சுவர் அளவுக்குத் திரை, ஓசி விஸ்கி. க்ளோவிஸ் சீட்டு மேஜையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கைத்தடியோடு நடக்கிறார். அவருக்கு ரெட் மெஸா. வீட்டுக்குப் பக்கம், வாசலிலேயே கார் நிறுத்தலாம், சூப் நன்றாக இருக்கும்.

"சூப்புக்காகப் போறதுன்னா ஆஸ்பத்திரிக்குப் போ, கிழவா."

"உனக்குத் தோல் சோபா எதுக்குடா? மூணாவது ரேஸ் முடியறதுக்குள்ள குறட்டை விடுவே."

"அப்ப நீ உன் வழி, நான் என் வழி."

எனக்கும் வெர்னனுக்கும் பிள்ளை இல்லை. வெர்னன் பெயரை எடுத்துப் பேச இந்த ஊரில் இவர்கள் இரண்டு பேர்தான். இவர்கள் ஆளுக்கு ஒரு திசையில் போனால் நான் எந்த நாற்காலியில் பேப்பர் வைப்பேன்?

அழக்கூடாது என்று நினைத்தேன். அழுதேன்.

க்ளோவிஸ் தொப்பியைக் கழற்றினார். லூசியானாக்காரர், பெயரோடு அம்மா சேர்த்துத்தான் கூப்பிடுவார். "ஒலீட்டாம்மா, நீங்க ரெண்டு டாலருக்கு மேல கட்டினதே இல்ல. எந்த எடமும் உங்களுக்கு ஒண்ணுதான். நீங்களே ஒவ்வொரு எடமா உட்காந்து பாத்துட்டு சொல்லுங்க. நாங்க கட்டுப்படறோம்."

"கட்டுப்படறேன்" என்றான் ஸ்டாவ்ரோ. "ஆனா பல்மைரான்னு சொல்லிடு."

மார்ச் 15, ஞாயிறு

வீட்டில் இருந்தேன். பழசெல்லாம் வந்தது.

சில்வர் மியூலில் ரேஸ் அறை திறந்த வருஷம் நான் அங்கே கீனோ என்ற நம்பர் ஆட்டத்துக்குச் சீட்டு எடுத்துப் போகும் பெண். ஓக்லஹோமாவில் பருத்தி எடுத்து, ஐந்தாம் வகுப்போடு நின்றுபோய், பஸ் ஏறி வந்தவள். அப்போது ரேஸ் அறையில் டி.வி. கிடையாது. ஒரு கரும்பலகை, ஏணியில் சாக்பீஸோடு ஒருத்தன், கூரையில் ஒலிபெருக்கி. எங்கேயோ ஓடுகிற குதிரைகளை ஒரு குரல் இங்கே ஓட்டிக்கொண்டு வரும். அவ்வளவுதான். ஆனால் கண்ணை மூடினால் மண் தெறிப்பதுகூடத் தெரியும்.

ஒல்லியாக ஒரு ஆள் என் கையில் இரண்டு டாலரைக் கொடுத்து, "கொஞ்சம் கட்டிட்டு வந்துடு கண்ணு, எழுந்தா எடம் போயிடும்" என்றார். போனேன். "அஞ்சாவது ரேஸ், ரெண்டாம் நம்பர்" என்றேன். எந்த ஊர் மைதானம் என்று சொல்ல மறந்துவிட்டேன். கவுண்டர்காரன் வேறு ஊர் ரேஸுக்குச் சீட்டுப் போட்டுவிட்டான். அவர் சொன்ன குதிரை முதலாவதாக வந்தது. நான் வாங்கி வந்த குதிரை கடைசி.

அவர் இருமல் வரும்வரை சிரித்தார். "ஒரே நேரத்துல ரெண்டு ஊர்ல தோக்கறதுக்கு ஒரு தெறமை வேணும், உக்காரு" என்றார். பிறகு விரல் விட்டுச் சொல்லிக் கொடுத்தார். முதலில் ஊர். அப்புறம் ரேஸ். அப்புறம் பணம். அப்புறம் எந்த வகைப் பந்தயம். கடைசியில் நம்பர்.

அடுத்த வசந்தத்தில் கல்யாணம்.

கடைசி சில வருஷமாக அவர் கண்ணின் நடுவில் கறுப்பு விழுந்துவிட்டது. ஓரம் மட்டும் தெரியும். குதிரைப் பேப்பரை நான்தான் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். பள்ளிக்கூடம் சொல்லித் தராத வாசிப்பெல்லாம் அந்தப் பேப்பரில் வந்தது. திரை தெரியவில்லையே என்று நான் வருத்தப்பட்டால், "பழைய கரும்பலகை நாளு மாதிரி ஆயிடுச்சு ஒலீட்டா, நல்லாத்தான் இருக்கு" என்பார். தூணுக்குப் பின்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். வர்ணனைக்காரர் ஜெயிக்கிற குதிரையின் பெயரைச் சொல்வதற்குக் கொஞ்சம் முன்னாலேயே என் மணிக்கட்டில் விரலால் தட்டுவார். "அந்தாளு மூச்சக் கேளு. வாய் சொல்றதுக்கு முன்னாடி மூச்சு சொல்லிடும்."

எனக்கு ஒரு நாளும் அது கேட்டதில்லை.

மார்ச் 19, வியாழன்

பல்மைரா.

சோபா உண்மையிலேயே மெத்துமெத்தென்று இருக்கிறது. திரை, ஸ்டாவ்ரோ சொன்னதைவிடப் பெரியது. ஆனால் இது கல்லூரிப் பையன்களின் கூடைப்பந்து மாதம். அறை முழுக்க சட்டையைக் கழற்றாத குறையாகப் பையன்கள், ஒவ்வொரு பந்துக்கும் ஓலம். குதிரைகளுக்கு மூலையில் நாலு சின்னத் திரை. சத்தத்தை அடைத்துவிட்டார்கள். குதிரைகள் ஊமையாக ஓடின.

கவுண்டர் பெண்ணிடம் கேட்டேன். "ரேஸ் சத்தமா? மேட்ச் நடக்கறப்ப போட மாட்டோம் செல்லம்" என்றாள். அவள் குரல் நல்ல குரல்தான்.

பக்கத்து இருக்கையில் வெர்னன் பேப்பரை மடித்து வைத்திருந்தேன். தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் மேஜை துடைக்கிற ஆள் அதை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அவனுக்கு அது வெறும் பேப்பர்.

இல்லை. இது இல்லை.

மார்ச் 24, செவ்வாய்

ரெட் மெஸா. க்ளோவிஸ் கூட்டிப் போனார். சூப் நன்றாகத்தான் இருக்கிறது. ஆளுக்கு ஒரு மேஜை, மூன்று பக்கமும் தடுப்பு, ஆளுக்கு ஒரு சின்ன டி.வி., ஒரு ஹெட்போன். சத்தம் இருக்கிறது. காதுக்குள்ளேயே பேசுகிறது. சுத்தமான இடம். என்ன குறை?

கலிபோர்னியா ரேஸில் கடைசித் திருப்பத்தில் ஒரு கிழட்டுக் குதிரை வெளிப்பக்கமாக வந்து ஜெயித்தது. "கேட்டீங்களா!" என்று திரும்பினேன். க்ளோவிஸ் தன் ஹெட்போனில் நியூயார்க் ரேஸில் இருந்தார். சுற்றிப் பார்த்தேன். எல்லாரும் லாயத்தில் கட்டின குதிரை மாதிரி, பக்கத்துப் பெட்டியில் யார் என்று தெரியாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு.

இங்கே மணிக்கட்டில் தட்ட முடியாது. கை எட்டாது.

மார்ச் 27, வெள்ளி

போல்டர் சாலையில் பஸ் நின்றுபோனது. அடுத்த பஸ்ஸுக்கு நேரம் ஆகும். கழிப்பறைக்கு அவசரம். எதிரில் டஸ்டி ஜாக் என்று ஒரு பழைய காசினோ, பெயர்ப் பலகையில் பாதி விளக்கு இல்லை. உள்ளே போனேன்.

கழிப்பறையில் உட்கார்ந்திருக்கிறேன், மேலே கூரையிலிருந்து ஒரு குரல். ஏதோ ஊரில் நாலாவது ரேஸ். கடைசித் திருப்பம். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கழிப்பறைக்குப் போனவர் இங்கேதான் இருந்திருக்கிறாரா? பைத்தியக்கார நினைப்பு. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

வெளியே வந்து பார்த்தால் மூலையில் பிளாஸ்டிக் நாற்காலிகள். கம்பளத்தில் நாற்பது வருஷத்து சிகரெட். காபி தார் மாதிரி. கவுண்டரில் மனுஷன், மிஷின் இல்லை. "சத்தத்தக் கொறைக்கிற பட்டன் போன வருஷம் ஒடைஞ்சுடுச்சு, யாருக்கும் மனசு வரல சரி பண்ண" என்றார்.

அங்கேயும் ஒரு தூண்.

மார்ச் 31, செவ்வாய்

சில்வர் மியூலில் கடைசி நாள். கடைசி ரேஸ் முடிந்ததும் யாரும் எழுந்திருக்கவில்லை. வெர்னன் நாற்காலியிலிருந்து பேப்பரை எடுத்துப் பையில் வைத்தேன். பிறகு சொன்னேன்.

"டஸ்டி ஜாக்கா?" ஸ்டாவ்ரோ கத்தினான். "அங்க கரப்பான் பூச்சியே மூக்கப் பொத்திக்கிட்டுப் போகும்!"

"கட்டுப்படறேன்னு சொன்னியா இல்லியா?" என்றார் க்ளோவிஸ். அவர் முகமும் வாடித்தான் இருந்தது. சூப்பு போச்சு.

ஏப்ரல் 2

க்ளோவிஸ் வந்தார். ஸ்டாவ்ரோ வரவில்லை.

ஏப்ரல் 7

வரவில்லை. பல்மைராவில் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். வெர்னனுக்குத் தூண் பக்கம் பேப்பர் வைத்தேன். ஸ்டாவ்ரோவுக்கும் ஒன்று வைக்கலாமா என்று யோசித்தேன். உயிரோடு இருக்கிறவனுக்கு வைத்தால் கோபித்துக்கொள்வான். வைக்கவில்லை.

ஏப்ரல் 11, சனி

மதியம் ஸ்டாவ்ரோ வந்து நின்றான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"என்னடா, சோபா கடிச்சிடுச்சா?" என்றார் க்ளோவிஸ்.

"அங்க ஜெயிச்சேன்யா. நல்ல காசு. எழுந்து நின்னு கத்தினேன். ஒருத்தன் திரும்பிப் பாக்கல." காபியை ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தான். "கழுதை மூத்திரம். இன்னொண்ணு சொல்லு."

மே 2, சனி

கென்டக்கி டெர்பி, வருஷத்திலேயே பெரிய குதிரை ரேஸ். இந்த ஓட்டைக் காசினோவுக்குக்கூட அத்தனை கூட்டம். பெண்கள் பூ வைத்த தொப்பியில், காகிதக் கப்பில் புதினா போட்ட விஸ்கி. நிற்க இடமில்லை.

ஊதாத் தொப்பி போட்ட ஒரு பருமனான பெண், இடுப்பைப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்தாள். மடித்த பேப்பரைப் பார்த்தாள். "ஆள் இருக்காங்களா?"

"இருக்காரு!" என்றான் ஸ்டாவ்ரோ, குரைக்கிற மாதிரி.

அவள் நகரப் பார்த்தாள். வலி முகத்தில் தெரிந்தது. நான் எழுந்து என் நாற்காலியை அவளுக்குக் கொடுத்தேன். வெர்னன் நாற்காலியில் இருந்த பேப்பரை எடுத்தேன். உட்கார்ந்தேன். இதுவரை அதில் உட்கார்ந்ததே இல்லை. க்ளோவிஸ் கைத்தடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து ஒன்றும் தெரியவில்லை. தூண்தான் தெரிந்தது. கண்ணை மூடினேன்.

கதவுகள் திறந்தன என்றது குரல். எல்லாக் குதிரையும் ஒரே மூட்டையாக. பின்பக்க நேர்வழி. குரல் நடந்தது, பிறகு வேகமாக நடந்தது. கடைசித் திருப்பம். இரண்டு பெயர் மாறி மாறி வந்தது. அப்போது — எப்படிச் சொல்வேன் — அந்த ஆள் ஒரு மூச்சை முழுங்கினார். பெயர் இல்லை, மூச்சு மட்டும். என் விரல் மேஜையில் தானாகத் தட்டியது.

பிறகுதான் பெயர் வந்தது.

கண்ணைத் திறந்தபோது ஸ்டாவ்ரோ என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. அவன் மட்டும் கத்தவில்லை. "அவனேதான்" என்றான் மெதுவாக. "அவன் தட்டறதேதான்."

ஊதாத் தொப்பிக்காரி என் பக்கம் சாய்ந்து, "உங்க குதிரையா ஜெயிச்சது?" என்று கேட்டாள். நான் பந்தயமே கட்டியிருக்கவில்லை.

மே 6, புதன்

வெயில் ஆரம்பித்துவிட்டது. பஸ் நேரத்துக்கு வந்தது. ஸ்டாவ்ரோவும் க்ளோவிஸும் காபியைப் பற்றிச் சண்டை.

கடையில் பேப்பர் ஒன்றுதான் வாங்கினேன்.