உப்பு நிலாவில் என் கை

4 அக்டோபர் 2022, செவ்வாய்

குடைமிளகாயை வினிகரில் போட்டு மூடி வைத்தேன். ஒன்பது பாட்டில். முழங்கால் பரவாயில்லை.

மாலையில் இலாரியா வந்தாள். விண்வெளிக்கு அனுப்பும் கருவிகளை உலுக்கிப் பார்த்துச் சோதிக்கும் வேலை என் பேத்திக்கு. இந்தத் தூரின் நகரத்தில் அந்த வேலைக்கு நானூறு பேர் வந்தார்களாம், எடுத்தது மூன்று பேரை. ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் பேத்தி. ரொட்டிக் கடையில் இதை இரண்டு தடவை சொல்லிவிட்டேனாம், திட்டுகிறாள். மூன்று தடவை.

என் போனில் ஒரு குழுவைப் போட்டுக் கொடுத்தாள். ‘உப்பு நிலா’ ரசிகர்கள். ஐம்பது வருடத்துக்கு முன்னால் ஞாயிறு மாலையில் ஆறு வாரம் வந்த தொடர். கறுப்பு வெள்ளை. வேறு ஒரு கோளில் தண்ணீர் தேடிப் போகிறவர்களின் கதை. நிலையத்தார் அந்த நாடாக்களை அழித்து, அவற்றின் மேலேயே வேறு எதையோ பதிந்துவிட்டார்கள். மிச்சம் துணுக்குகள்தான். யாரோ தன் வீட்டு டிவிக்கு எதிரே சின்ன கேமராவை வைத்துப் பிடித்தவை, இருபது நொடி, முப்பது நொடி. இவர்கள் அவற்றைத் தேடி எடுத்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கிறார்கள்.

நான் அங்கே தையல்காரி. ஐந்தாவது வாரம், பெண் விமானி கையுறையைக் கழற்றிவிட்டுப் பெரிய பிடியை இழுக்கும் காட்சி ஒன்று உண்டு. அந்தக் கை என்னுடையது. கதாநாயகி லவீனியா அன்று கார்க் கதவில் விரலை நசுக்கிக்கொண்டு வந்திருந்தாள். இயக்குநர் சுற்றும்முற்றும் பார்த்து என் கையைப் பிடித்து இழுத்தார். எனக்கு ஏழு மாதம். உடுப்பு நுழையாது. சட்டைக்கைகளை மட்டும் பிரித்து என் மேலங்கியில் ஊசி குத்தி மாட்டினோம்.

அது வந்த ஞாயிற்றுக்கிழமைதான் ப்ரூனா பிறந்தாள். நான் பிரசவ வார்டில் கிடந்தேன், பார்க்கவில்லை. பிறகு அது யாருக்குமே இல்லாமல் போயிற்று.

என் புருஷன் நம்பவில்லை. மகள் ப்ரூனா நம்பவில்லை. இலாரியா மட்டும் “நான் நம்பறேன் பாட்டி” என்கிறாள். ரொம்ப வேகமாகச் சொல்கிறாள். காய்ச்சல்காரரிடம் பேசுகிற குரலில்.

7 அக்டோபர், வெள்ளி

குழுவில் அந்தக் கை இருக்கிறது. ஓடவில்லை, ஒற்றைப் படம்தான். கீழே மூலையில் உப்புக் கட்டி மாதிரி ஒரு முத்திரை, அந்தப் பக்கத்தையே மறைத்துக்கொண்டு. “லவீனியாவின் கை” என்று எழுதி, நூற்றுப் பன்னிரண்டு பேர் இதயம் போட்டிருக்கிறார்கள்.

ஏன் மூலையை மறைக்க வேண்டும்? ஏன் ஓட விடவில்லை?

இலாரியாவிடம் கேட்டேன். அது அவர்கள் வழக்கமாம். யாருக்குக் கொடுத்தாலும் முத்திரை குத்திக் கொடுப்பார்கள், வெளியே போனால் யார் கையிலிருந்து போயிற்று என்று தெரிய. நல்ல துணுக்கை வருடக் கூட்டத்துக்கு என்று வைத்துக்கொள்வார்களாம். இதை வைத்திருப்பவர் தலைவர் குவால்தியேரோ, இவ்ரேயா ஊரில் மருந்துக்கடை நடத்தி ஓய்வு பெற்றவர். முத்திரை இல்லாமல் அவர் தன் அண்ணனுக்குக்கூடக் கொடுத்ததில்லையாம்.

ஒளிக்க ஒன்றும் இல்லாதவன் எதற்கு மூடி வைக்கிறான்?

8 அக்டோபர்

இவர்கள் எல்லாப் போட்டோவிலும் ஒரே மாதிரி நிற்கிறார்கள். வலது கையால் இடது சட்டைக்கை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு. ஏதோ ரகசியச் சங்கம்.

12 அக்டோபர், புதன்

இலாரியா என்னைக் கேட்காமலே குழுவில் எழுதிவிட்டாள், அது என் பாட்டியின் கை என்று. பதில் வந்து குவிந்தது. அவள் காட்ட மாட்டேன் என்றாள். என் போனிலும் அது வரும் என்பதை மறந்துவிட்டாள்.

ஒருவன் எழுதியிருக்கிறான்: “எங்க பாட்டியும் நிலாவுக்குப் போனவங்கதான், திரும்பி வரும்போது பஸ் கிடைக்கல.” இன்னொருத்தி, செத்துப்போன லவீனியாவுக்கு மரியாதை கொடுக்கச் சொல்கிறாள். மருந்துக்கடைக்காரர் ஒரே வரி: “நேரில் வந்து கேட்கிறேன்.”

கேட்கவா வருகிறார்? உளவு பார்க்க வருகிறார்.

பொத்தான் டப்பாவைத் திறந்து பார்த்தேன். கையுறை அடியிலேயே இருக்கிறது.

இதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. அன்று கழற்றிய கையுறையை நான் திருப்பித் தரவில்லை. எடுத்தேன். கேட்டார்கள், தெரியாது என்றேன். அலமாரிப் பொறுப்பில் இருந்த பெண்ணை இரண்டு நாள் தேட வைத்தார்கள். கையுறையை வெளியே எடுத்தால் என் பேச்சுக்குச் சாட்சி. எடுத்தால் நான் திருடி.

19 அக்டோபர், புதன்

வந்தார். நெட்டை, ஒல்லி, நல்ல மேல்கோட்டு. கையில் சுருள் பிஸ்கட் பொட்டலம், இன்னொரு கையில் கேள்வித்தாள். நான் சமையலறையிலேயே உட்கார வைத்தேன். முன்னறையைக் காட்டவில்லை.

இரண்டு மணி நேரம் விசாரணை. உடுப்புக்கு ஜிப் முன்னாலா பின்னாலா? பின்னால். எத்தனை உடுப்பு? ஏழு, எட்டாவது பாதியில் நின்றது. அந்த வெள்ளித் துணி எங்கிருந்து வந்தது? இஸ்திரி மேசைக்குப் போர்த்தும் துணி அது, வேறென்ன. ஓரம் நிற்கவே நிற்காது, எத்தனை மடித்துத் தைத்தாலும் நூல் பிரிந்துகொண்டே இருக்கும், விளக்குச் சூட்டில் இன்னும் மோசம், நாங்கள் கத்தரியும் கையுமாகக் கேமராவுக்குப் பின்னாலேயே நிற்போம் என்று சொன்னேன். இது அவருக்குத் தெரியாது போல. இரண்டு பக்கம் எழுதினார்.

நான் ஒன்றுதான் கேட்டேன். அந்தத் துணுக்கை ஏன் முழுதாகக் காட்டவில்லை? காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே, கூட்டத்தில் காட்டுவோம் என்றார். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

பிறகு மெதுவாகக் கேட்டார், “அந்தக் காலத்துச் சாமான் ஏதாவது உங்ககிட்ட தங்கிப்போச்சாம்மா?”

“ஒண்ணும் இல்லீங்க.”

தலையாட்டினார். நம்பின தலையாட்டல் இல்லை.

வாசலில் நடந்ததுதான் எனக்குப் புரியவில்லை. கோட்டுக் கை ஓரத்தில் ஒரு நூல் தொங்கியது. இப்படியேவா தெருவில் போவார்? ஓரத்தைப் பிடித்துப் புரட்டி, கழுத்தில் தொங்கும் கத்தரியால் வெட்டி, தடவி விட்டேன். மனிதர் முகம் வெளுத்துவிட்டது. தன் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். படியிறங்கிப் போய்விட்டார். தொப்பி இங்கேயே கிடக்கிறது.

தொட்டது தப்போ? இவ்ரேயாவில் மருந்துக்கடைக்காரரைத் தொடக் கூடாதோ?

20 அக்டோபர்

இலாரியாவுக்குப் போன் செய்தாராம். கூட்டத்துக்குப் பாட்டியைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாராம். கட்டாயம். அத்தனை பேர் முன்னால் நிற்க வைத்து மானத்தை வாங்கத்தான்.

போக மாட்டேன்.

2 நவம்பர், புதன்

இறந்தவர்களின் நாள். என் புருஷன் செகோந்தோவுக்கு வெள்ளைச் சாமந்தி கொண்டுபோனேன். கல்லைத் துடைத்தேன். உயிரோடு இருந்தவரை விருந்தாளி வந்தால் போதும், என்னைக் காட்டி ‘முழங்கை வரைக்கும் நடிகை’ என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன், முப்பத்தெட்டு வருடம். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் ஒரு நாள், ஒரே ஒரு நாள், ‘அப்படியா டெல்ஃபினா, எப்படி இழுத்தே அந்தப் பிடியை?’ என்று கேட்டிருக்கலாம்.

ப்ரூனா பக்கத்தில் நின்றாள். கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். “அம்மா, இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?” என்றாள். அவள் அப்பா குரலேதான்.

போகிறேன்.

13 நவம்பர், ஞாயிறு

நீலக் கோட்டு, நல்ல காலணி. கைப்பையில் கையுறை. எடுப்பதா வேண்டாமா என்று ரயிலில் முடிவு செய்யலாம் என்று நினைத்தேன், முடிவாகவில்லை. இலாரியா ஜன்னல் பக்கம் எனக்குக் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் அழுதால் என்ன செய்வது என்று யோசித்திருப்பாள்.

தேவாலயத்தை ஒட்டிய கூடம். அறுபது பேர் இருக்கும். பாதிப் பேர் வழுக்கை. உள்ளே போனதும் பேச்சு நின்றது. நான் முதல் வரிசையில் உட்கார்ந்தேன், பின்னால் உட்கார்ந்தால் பயந்தவள் என்பார்கள்.

விளக்கை அணைக்கும் முன் எல்லோரும் எழுந்தார்கள். அந்தச் சைகை. போட்டோவில் பாதிதான் தெரிந்தது. வலது கை வந்து, இடது சட்டைக்கை ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து, புரட்டி, திருப்பிவிட்டு, ஒரு தடவல். அறுபது பேரும் ஒரே நேரத்தில். என்ன இது என்று பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். உப்பு நிலாவுக்காரர்கள் தண்ணீரின் பேரில் செய்யும் சத்தியமாம். விமானி ஆபத்தான பிடியை இழுக்கும் முன் அதைச் செய்வாளாம். குவால்தியேரோ அதற்கு நாற்பது பக்க விளக்கம் எழுதியிருக்கிறாராம்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

பிறகு திரை. புள்ளி புள்ளியாக மழை பெய்கிற மாதிரி படம். சத்தம் இல்லை. ஒரு கை, கையுறை உரிந்தது. என் கைதான். இருபத்தேழு வயதுக் கை, சுருக்கம் இல்லாமல். பிடியை நோக்கிப் போனது, நடுவில் நின்றது. திரும்பி வந்தது. இடது சட்டைக்கை ஓரத்தைப் பிடித்தது, புரட்டியது. ஓரத்தில் ஒரு நூல், பெரிய திரையில் கயிறு மாதிரி. கத்தரி இல்லை. உள்ளே தள்ளி மடித்து, தடவிவிட்டது. அப்புறம் பிடியை இழுத்தது.

நான் அப்படிச் செய்ததே எனக்கு ஞாபகம் இல்லை. நூல் தொங்கினால் கை சும்மா இருக்காது, அவ்வளவுதான்.

இலாரியா திரையைப் பார்க்கவில்லை. என் மடியில் இருந்த கையைப் பார்த்தாள். பிறகு தன் ஸ்வெட்டர் கையை.

“பாட்டி,” என்றாள், “ஸ்கூலுக்கு அனுப்பறப்ப தினமும் வாசல்ல வச்சு எனக்கு இதைத்தானே பண்ணுவ.”

இது காய்ச்சல்காரரிடம் பேசுகிற அந்தக் குரல் இல்லை. இத்தனை நாள் நம்பாமல்தான் நம்புகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். எனக்குத் தெரியும், இன்று அவளுக்கும் தெரிந்தது.

குவால்தியேரோ எழுந்து என் சமையலறையில் எழுதிய இரண்டு பக்கத்தைப் படித்தார், இஸ்திரித் துணி, நூல் எல்லாம். தன் கோட்டுக் கையில் நடந்ததையும் சொன்னார். “முப்பது வருஷமா அந்தச் சத்தியத்துக்கு அர்த்தம் எழுதிட்டிருக்கேன். அர்த்தம் நூல்தாங்க.”

சிலர் கைதட்டினார்கள், சிலர் தட்டவில்லை. பின்னால் இருந்து ஒரு பெண், எந்தக் கைக்கும் அந்தப் பழக்கம் இருக்கலாம், இது சாட்சி ஆகாது என்றாள். சரியான பேச்சு. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். கைப்பையின் பித்தளைப் பூட்டில் விரலை வைத்தேன்.

திறக்கவில்லை. எனக்கு வேண்டியவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

14 நவம்பர்

ஒன்று மட்டும் உறுத்துகிறது. பிடியை இழுத்ததும் படம் பட்டென்று நின்றது. வெட்டின மாதிரி. தையல்காரிக்கு வெட்டின ஓரம் தெரியாதா?

24 நவம்பர், வியாழன்

குவால்தியேரோவின் தொப்பியைத் தபாலில் அனுப்பியிருந்தேன். இன்று அவரிடமிருந்து போனில் ஒரு துணுக்கு வந்தது, எனக்கு மட்டும். முத்திரை இல்லை. மூன்று தடவை தேடிவிட்டேன், எந்த மூலையிலும் இல்லை.

கூடவே எழுதியிருந்தார். கடைசி ஒரு நொடியை அவர்தான் வெட்டினாராம். கேமராவை மாற்ற அன்று ஒரு நொடி தாமதித்துவிட்டார்கள், அதில் தெரிவதை அவர் பல தடவை பார்த்தும் யாரிடமும் சொல்லவில்லை. லவீனியாவின் கை இல்லை என்று அப்போதே தெரியும், ஆனால் பார்க்க மனம் இல்லை என்கிறார். காட்டுவதா வேண்டாமா என்பது என் இஷ்டமாம்.

ஆக, நான் சந்தேகப்பட்டது சரி.

பார்த்தேன். கை கீழே வருகிறது. மேலங்கி. ஏழு மாத வயிறு, திரை முழுக்க. கை கையுறையை மேலங்கிப் பைக்குள் திணிக்கிறது. அவ்வளவுதான், முடிந்துவிடுகிறது.

சாமான் தங்கிப்போச்சா என்று அன்று என்னைக் கேட்டபோதே இதெல்லாம் தெரிந்துதான் கேட்டிருக்கிறார். கள்ளன். நானும்தான்.

ஒரு காபி குடித்தேன். பிறகு இலாரியாவைக் கூப்பிட்டு எல்லோருக்கும் அனுப்பச் சொன்னேன். கையுறை பைக்குள் போவது தெரியுமே என்று அவள் தயங்கினாள். தெரியட்டும் என்றேன். அலமாரிப் பெண்ணின் பெயரையும் எழுதச் சொன்னேன், அவள் மேல் குற்றம் இல்லை என்று. ப்ரூனாவுக்கு நானே தனியாக அனுப்பினேன்.

ஒரு மணி நேரம் கழித்து ப்ரூனா போன் செய்தாள்.

“அம்மா, அது நானா?”

“நீதான்.”

“எப்படி இழுத்தே அந்தப் பிடியை?” என்றாள். “கனமா இருந்துதா?”

சொன்னேன். அட்டையில் செய்தது, ஒரு பூனை உட்கார்ந்தால் சாய்ந்துவிடும், கனம் இருக்கிற மாதிரி இழுக்க வேண்டியிருந்தது. சிரித்தாள். இன்னும் கேட்டாள். இன்னும் சொன்னேன். சூப் ஆறிவிட்டது.

கையுறையைத் துவைத்துச் சமையலறைக் கொடியில் போட்டிருக்கிறேன். இவ்ரேயாவுக்கு அனுப்ப வேண்டும். மணிக்கட்டு ஓரத்தில் நூல் பிரிந்திருக்கிறது. காய்ந்ததும் தைத்துவிட்டுத்தான்.