பகல் வெளிச்சத்துல பாத்ததா நான் டிக் போட்ட கதவு

அனுப்புநர்:
ஹால்கெய்ர் ஸ்தைன்விக்,
மீன்பிடிப் படகுல வேலை பாத்து ஓய்வு பெற்றவர்,
வீட்டு எண் 4, படகுத்துறைத் தெரு,
ஸ்கார்வ்நெஸ், வட நார்வே.

பெறுநர்:
உயர்திரு நுகர்வோர் குறைதீர் அதிகாரி அவர்கள்,
மாவட்ட அலுவலகம்.

பொருள்: சூரியன் இல்லாத மாசத்துல புதுக் கார் டெலிவரி எடுத்தது – சூரியன் வந்ததும் முன்பக்க வலது கதவு மட்டும் வேற பச்சையாத் தெரிஞ்சது – அந்தக் கதவைப் பிரிச்சு உள்ள பாக்க உத்தரவு கேட்பது – சம்பந்தமாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நானும் எங்க அக்கா தோர்குனும் ஒரே வீட்டுல இருக்கோம். அக்காவுக்கு எழுபத்தி நாலு வயசு, எனக்கு எழுபத்தொண்ணு. அக்காவுக்குச் சிறுநீரகம் ரெண்டும் வேலை செய்யல. செவ்வாய், வியாழன், சனி மூணு நாளும் நகரத்து ஆஸ்பத்திரில மெஷின் வச்சு ரத்தம் சுத்தம் பண்ணணும். போக மட்டும் எண்பத்தெட்டு கிலோமீட்டர், நடுவுல காரோட ஏறிக் கடலைத் தாண்டுற ஒரு ஃபெர்ரி. மெஷின்ல இருந்து எறங்கினா அவங்களுக்குத் தலை சுத்தும். சில நாள் பேசிக்கிட்டே இருக்கும்போது மயங்கிடுவாங்க. அதனால நான் அவங்க முகத்தைப் பாத்துக்கிட்டே ஓட்டணும். பின் சீட்ல படுக்க வச்சா முகம் தெரியாது. எங்க ஊரு வண்டியில ஸ்டியரிங் இடது பக்கம், அதனால என் பக்கத்துல, முன்னாடி, வலது கதவோரம்தான் உக்காந்தாகணும். இந்த மனு அந்தக் கதவைப் பத்தினது.

2. பழைய கார் போன இலையுதிர் காலத்துல ஃபெர்ரி மேலயே நின்னு போச்சு. பின்னாடி இருந்த பதினாலு வண்டியும் ஹாரன் அடிச்சது, அது வேற கதை. அதுக்கப்புறம் அக்கா ஆஸ்பத்திரி வண்டில போனாங்க. அது காலைல அஞ்சு மணிக்கு வரும், வழியில ஊர் ஊராப் போய் நாலு பேரை ஏத்தும். திரும்பி வரும்போது சாயங்காலம் ஆறு, ஏழு ஆயிடும். வீட்டுக்குள்ள வந்ததும் கோட்டைக் கூடக் கழட்டாம கட்டில்ல சாஞ்சிடுவாங்க. அதைப் பாத்துத்தான் புதுசா ஒரு மின்சாரக் கார் வாங்குறதுன்னு முடிவு பண்ணினோம். கலரு அக்கா இஷ்டம். மூணு வாரம் கம்பெனி குடுத்த கலர் அட்டையை வச்சுக்கிட்டு ஜன்னலோரம் உக்காந்து பாத்தாங்க. கடைசில கரும்பச்சைன்னு சொன்னாங்க. இதை ஏன் சொல்றேன்னா, அந்தப் பச்சை எப்படி இருக்கணும்னு எங்க வீட்டுல எல்லாருக்கும் மனப்பாடம்.

3. டிசம்பர் 9, திங்கக்கிழமை, காலைல பதினொண்ணரைக்கு டெலிவரி எடுக்கப் போனேன். ஷோரூம்ல சிந்த்ரேன்னு ஒரு தம்பி. நல்ல பையன், இதை இங்கயே பதிவு பண்ணிடுறேன். பூங்கொத்து குடுத்து, காபி குடுத்து, காரைக் காட்டினான். அப்பத்தான் கழுவி விட்டிருந்தாங்க, கதவு பூரா தண்ணி சொட்டிக்கிட்டு இருந்துச்சு. நான் முதல்ல பின்பக்கம் திறந்து, "ஸ்டெப்னி எங்க தம்பி?"ன்னு கேட்டேன். "ஸ்டெப்னி கிடையாதுங்க ஐயா, இந்த டப்பால நுரை இருக்கு, டயருக்குள்ள அடிச்சா போதும்"ன்னான். நாலு சக்கரத்தோட ஒரு வண்டியை விக்கிறவங்க அஞ்சாவதுக்குப் பதிலா நுரை தர்றாங்களேன்னு யோசிச்சுக்கிட்டே, ஸ்டார்ட் பண்ணிக் காட்டுன்னேன். குனிஞ்சு காது வச்சேன். ஒரு சத்தமும் இல்ல. "ஸ்டார்ட் பண்ணு தம்பி." "பண்ணியாச்சுங்க ஐயா. அஞ்சு நிமிஷமா ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

4. அப்புறம் முற்றத்துக்குக் கொண்டு வந்து நிறுத்தினான். நான் காரைச் சுத்தி வந்து உள்ளங்கையால தடவிப் பாத்தேன். படகோட அடிப்பக்கத்தை அப்படித்தான் பாப்போம். நாப்பத்தெட்டு வருஷமா என் கைக்குத் தெரியாம எந்த வெடிப்பும் தப்பினதில்ல. நாலு கதவும் கண்ணாடி மாதிரி வழுவழுன்னு இருந்துச்சு. டயர், விளக்கு, ரெண்டு சாவி, சார்ஜ் பண்ற ஒயர் எல்லாம் சரியா இருந்துச்சு.

5. படிவத்துல இருபத்தி மூணு கட்டம். பதினேழாவது கட்டத்துல, "வாகனத்தின் வெளிப்புறத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்வையிட்டேன்"னு அச்சடிச்சிருந்துச்சு. எங்க பக்கத்துல நவம்பர் 18 சூரியன் போனா ஜனவரி 27தான் திரும்ப எட்டிப் பாக்கும்னு ஐயாவுக்குத் தெரியும். நடுப்பகல்ல ரெண்டு மணி நேரம் ஒரு நீல வெளிச்சம் வரும். அதுல நடக்கலாம், விறகு பொளக்கலாம், எதிர்ல வர்றது யாருன்னு கண்டுபிடிக்கலாம். எங்களுக்கு அதுதான் பகல். நானும் அதையே பகல்னு நினைச்சேன். இருந்தாலும் ஒரு சந்தேகத்துக்கு, "தம்பி, இதுக்குப் பேரு பகல் வெளிச்சமா?"ன்னு கேட்டேன். சிந்த்ரே மேல பாத்தான், கீழ பாத்தான். "இது தெற்குல அச்சடிச்ச படிவம் ஐயா. டிசம்பர்ல எல்லாரும் டிக் போட்டுட்டுத்தான் போறாங்க"ன்னான். ஒண்ணேகாலுக்கு ஃபெர்ரி. டிக் போட்டேன், கையெழுத்தும் போட்டேன். அது என் தப்பு, மறைக்கல.

6. மறுநாள்ல இருந்து அக்காவைக் கூட்டிட்டுப் போக ஆரம்பிச்சேன். ரோடு பூரா உப்பும் பனிச்சேறும். கார் எப்பவும் பாதி சாம்பலாத்தான் இருக்கும். ஜனவரி 25 வரைக்கும் இருபத்தோரு தடவை போயிட்டு வந்தோம்.

7. ஜனவரி 27 எங்க ஊருல சூரியன் வர்ற நாள். பதினொண்ணே முக்காலுக்கு மலைப் பிளவு வழியா வரும், ஒன்பது நிமிஷம் இருக்கும், போயிடும். அன்னிக்கு ஊர் மொத்தமும் பள்ளிக்கூடச் சுவர்கிட்ட நிக்கும். எல்லார் கைலயும் ஜாம் வச்ச சூரிய பன் இருக்கும். ஜாமை உள்ள வைக்கணுமா மேல வைக்கணுமான்னு ஒவ்வொரு வருஷமும் ஒரு சண்டையும் உண்டு. நானும் காரைக் கழுவித் துடைச்சு அக்காவைக் கூட்டிட்டுப் போய்ச் சுவர் பக்கத்துல நிறுத்தியிருந்தேன். வெயில் வந்து கார் மேல விழுந்துச்சு. எல்லாரும் மூஞ்சியை மேல தூக்கிக் கண்ணை மூடிக்கிட்டு நிக்கிறோம். அக்கா மட்டும் பன்னைக் கையில வச்சுக்கிட்டு, "டேய், நம்ம கதவை யார்கிட்டயாவது மாத்திட்டியா?"ன்னாங்க.

நான் பாத்தேன். மூணு கதவு அட்டையில இருந்த கரும்பச்சை. அக்காவோட கதவு மட்டும் லேசா மஞ்சள் கலந்து, பாசி பிடிச்ச கல்லு மாதிரி. எழுபது நாள் கழிச்சு வந்த சூரியனை அதுக்கப்புறம் ஒருத்தரும் பாக்கல. ஊரே கதவைப் பாத்துச்சு. "காரை ஏத்திட்டு வந்த கப்பல்ல கயிறு அறுந்து பக்கத்துக் கார் சாஞ்சிருக்கும்"னு ஒருத்தர். "ஃபோர்க்லிஃப்ட் குத்தியிருக்கும், அந்த உயரம்தான்"னு இன்னொருத்தர். "மூணு பிள்ளையும் ஒரே ஜாடை, நாலாவது மட்டும் வேற மாதிரி, விசாரிக்கணும்பா"ன்னு ஒரு குரல் பின்னாடி இருந்து. சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வெயில் போன பிறகு எனக்குச் சிரிப்பு வரல. இருபத்தோரு தடவைன்னு மனசுக்குள்ள எண்ணிக்கிட்டு நின்னேன்.

8. எங்க ஊருல இரும்புப் படகுக்குப் பெயிண்ட் அடிக்கிற ராக்னான்னு ஒரு அம்மா இருக்காங்க. பெயிண்ட் எவ்வளவு கனம்னு காட்டுற ஒரு சின்னக் கருவியைச் சட்டைப்பையிலயே வச்சிருப்பாங்க. கல்யாண வீட்டுக்கும் அதோடதான் வருவாங்க. மறுநாள் வந்து நாலு கதவுலயும் வச்சுப் பாத்தாங்க. மத்த மூணு கதவுல நூத்திப் பத்து, நூத்தி இருபது மைக்ரான். அக்கா கதவுல முந்நூத்தி நாப்பது. கீழ்ப்பக்கம் ஒரு கையளவு இடத்துல அறுநூறைத் தாண்டிருச்சு. "ஹால்கெய்ர், இங்க டிங்கர் வேலை நடந்திருக்கு. தட்டி நிமித்தி, பட்டி வச்சுத் தேச்சு, மேல பெயிண்ட். வேலைக்காரன் கெட்டிக்காரன்தான், உங்க கையையே ஏமாத்திட்டானே"ன்னாங்க. அப்புறம் கதவைச் சுத்தியிருக்கிற ரப்பரை நகத்தால தூக்கினாங்க. உள்ள விரல் நீளத்துக்குப் பேப்பர் டேப் ஒட்டியிருந்துச்சு, பாதி பச்சையா. பெயிண்ட் அடிக்கும்போது ஒட்டி, உரிக்க மறந்த துண்டு. அதை ரெண்டா வெட்டி ஒரு பாதியை இந்த மனுவோட வச்சிருக்கேன். இன்னொரு பாதி அக்காகிட்ட இருக்கு. தபால்ல எதை நம்பினாலும் முழுசா நம்பக் கூடாதுன்னு அவங்க கருத்து.

9. காரோட குடுத்த புத்தகத்தை அன்னிக்குத்தான் ஒழுங்காப் படிச்சேன். பக்கவாட்டுல யாராவது இடிச்சா உள்ள இருக்கிறவங்களைக் காப்பாத்தக் கதவுக்குள்ள குறுக்கால ஒரு இரும்புச் சட்டம் இருக்காம். அது வளைஞ்சிருந்தா மாத்தணுமாம், நிமித்திப் போடக் கூடாதாம். ஐயா, என் கேள்வி மொத்தமும் இவ்வளவுதான்: அந்தச் சட்டம் நேரா இருக்கா, வளைஞ்சிருக்கா?

10. ஷோரூமுக்குப் போன் போட்டேன். சிந்த்ரேதான் எடுத்தான், விஷயத்தைச் சொன்னேன். "ஐயா, சத்தியமா எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்"ன்னான். நம்புறேன். அப்புறம் மேனேஜர் வாங்கிப் பேசினார். "பகல் வெளிச்சத்தில் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். குறை இருந்தால் பதினாலு நாளுக்குள் சொல்ல வேண்டும். டிசம்பர் 23-ஓடு அது முடிந்துவிட்டது"ன்னார். "பதினாலு நாளும் இருட்டுங்களே"ன்னேன். "இடையில் நீங்களே எங்கேயாவது இடித்து, பெயிண்ட் அடித்திருக்கலாம் அல்லவா?"ன்னார். நான் இடிச்சிருந்தா ராக்னாகிட்ட குடுத்திருப்பேன், ராக்னா அடிச்சிருந்தா கலரு சேந்திருக்கும்னு சொன்னேன். அதை அவர் பதில்னு எடுத்துக்கல.

11. சரி, கதவைப் பிரிச்சாவது பாப்போம்னா, வெளியாள் கை வச்சா வாரண்டி போயிடும்கிறார். ராக்னா திருப்புளியோட வந்து, "நீங்க சரின்னு சொல்லுங்க, அஞ்சே நிமிஷம்"னு நிக்கிறாங்க. ஷோரூம்காரங்க தாங்களும் பிரிக்க மாட்டாங்க, மத்தவங்களையும் விடமாட்டாங்க. பக்கத்துல உக்காந்து பாக்கத்தான் கண்ணு இருக்கு, உள்ள பாக்க வழியில்ல.

12. ஜனவரி 28-ல இருந்து நான் அக்காவை அந்தக் கார்ல ஏத்தல. மறுபடி அஞ்சு மணி வண்டிதான். அவங்களுக்கு என் மேல கோவம். "பச்சை ரெண்டா இருந்தா நான் செத்தா போயிடுவேன்? எடுடா வண்டியை!"ன்னு போன சனிக்கிழமை வாசல்ல நின்னு கத்தினாங்க. எடுக்கல. அன்னிக்குச் சாயங்காலம் ஏழேகாலுக்கு வந்து இறங்கினாங்க, படி ஏற முடியல. நானும் டிரைவரும் தூக்கிட்டு வந்தோம். கார் முற்றத்துல முழு சார்ஜோட நின்னுக்கிட்டு இருந்துச்சு.

13. ஆகவே ஐயா அவர்களைப் பணிவோட கேட்டுக்கிறது:

அ. ஷோரூமைச் சேராத ஒரு மெக்கானிக்கை அனுப்பி, அந்தக் கதவைப் பிரிச்சு உள்ள பாக்க உத்தரவு போடணும். அதனால வாரண்டி போகாதுன்னு எழுதியும் தரணும்.

ஆ. அந்தக் கதவுக்கு எங்க, எப்போ, என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சவங்க யாரா இருந்தாலும் சொல்லச் சொல்லணும். திட்ட மாட்டேன். கப்பலா, ஃபோர்க்லிஃப்ட்டான்னு ஊர்ல பாதிப் பேர் பாதிப் பேரோட பேசுறதில்ல. எனக்கும் தெரிஞ்சுக்கணும்னு இருக்கு.

இ. சட்டம் வளைஞ்சிருந்தா கதவைப் புதுசா மாத்தித் தரச் சொல்லணும். நேரா இருந்தா எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். பச்சை ரெண்டா இருந்துட்டுப் போகட்டும்.

ஈ. வடக்குல குடுக்கிற படிவத்துல பதினேழாவது கட்டத்துக்குப் பக்கத்துல, "அன்று சூரியன் இருந்ததா?"ன்னு ஒரு கட்டம் சேக்கணும்.

14. கடைசியா ஒண்ணு. இந்த மனுவை அக்காகிட்ட படிச்சுக் காட்டினேன். கதவைப் பிரிக்கிற அன்னிக்குத் தானும் பக்கத்துல நின்னு பாக்கணும்னு எழுதச் சொன்னாங்க. "என் தோளுக்குப் பக்கத்துல என்ன இருக்குன்னு நான்தானேடா முதல்ல பாக்கணும்?"ங்கிறாங்க. செவ்வாய், வியாழன், சனி மெஷின் நாள். தயவு பண்ணித் திங்கள், புதன், வெள்ளி இதுல ஒரு நாளாப் போட்டுக் குடுங்க. உச்சிப் பொழுதா இருந்தா நல்லது. இப்போ தினமும் நாலு மணி நேரம் நல்ல வெயில் இருக்கு.

இடம்: ஸ்கார்வ்நெஸ்
தேதி: 12 பிப்ரவரி 2025

இணைப்பு: டெலிவரி படிவ நகல்; ராக்னா கைப்பட எழுதின அளவுகள்; பேப்பர் டேப், பாதி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஹால்கெய்ர் ஸ்தைன்விக்
(கார் உரிமையாளர்)

தோர்குன் ஸ்தைன்விக்
(அந்தக் கதவோரம் உக்காருறவங்க)