வலி போனது, பலம் வரவில்லை

என் செல்ல மகளுக்கு அப்பா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் நினைத்தேன், முதல் வார்த்தை பொய்யாகிவிடும், அதனால் இரண்டாவதை மட்டும் வைத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? வலது பக்கம்தான் பக்கவாதத்தோடு போய்விட்டதே, இடது கையால் எழுதுகிறேன், கோழி கிளறினதுபோல் இருந்தால் பொறுத்துக்கொள். ஃபோனில் சொல்ல வழியில்லை, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு உன் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், நான் வாயைத் திறக்குமுன் இங்க எல்லாரும் நல்லா இருக்கோம் என்று முடித்துவிடுகிறாள்.

என்னைத் தூக்கி நாற்காலியில் வைக்க அவளுக்குத் தெம்பு வேண்டுமென்று உடற்பயிற்சி வீடியோ அனுப்பினாயே, நல்ல மனசோடுதான் அனுப்பினாய், உன்மேல் குறையில்லை. ஆனால் உன் அம்மாவைத் தெரியாதா, எள் என்றால் எண்ணெயாக நிற்பவள். கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யச் சொன்னதையெல்லாம் ஒரே காலையில் செய்து தீர்த்தாள், இரண்டு கையிலும் தண்ணீர் கேனைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தாள். மறுநாள் தலைவாரக் கையைத் தூக்க முடியவில்லை, மாடிப்படியில் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு பின்பக்கமாக இறங்கினாள். எனக்குப் பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபி பெண் பார்த்துவிட்டு, உள்ளே சதை நாரெல்லாம் கிழிஞ்சு வீங்கியிருக்கு, வலி நாலஞ்சு நாள்ல போயிடும், பலம் வர இன்னும் நாளாகும், அதுவரைக்கும் கையும் காலும் சொன்ன பேச்சு கேக்காது, இவரைத் தூக்காதீங்கம்மா என்று படித்துப் படித்துச் சொன்னாள். வலி போனதும் அம்மா அதைக் காற்றில் பறக்கவிட்டாள். வலியில்லை, அப்புறமென்ன என்று என்னைத் தூக்கினாள், பாதியில் அவள் முழங்கால் மடிந்து, கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே இரண்டு பேரும் தரையில் கிடந்தோம். முதலில் சிரித்தாள். எழுந்திருக்க முடியாமல் போனதும் அழுதாள். நான் சுவரைத் தட்டித் தட்டி, பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் வந்துதான் தூக்கிவிட்டார். இனிமேல் அவரையே கூப்பிடலாமே என்றால், என் புருஷனைத் தூக்க ஊரானைக் கூப்பிடுவேனா என்கிறாள். அதோடு விட்டாளா, பலம் போதவில்லையாம், சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு முன்னைவிட அதிகமாகப் பயிற்சி செய்கிறாள், கிழிந்ததையே மறுபடி கிழிக்கிறாள். நேற்று காபி டம்ளரை எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது என்றுகூடத் தெரியாமல் நழுவவிட்டாள்.

பயமாக இருக்கிறது அம்மாடி. அடுத்தமுறை என் கனமெல்லாம் அவள்மேல் விழும், அவளைத் தூக்க என்னிடம் ஒரு கைதான் இருக்கிறது. நான் சொன்னால் காதில் ஏறாது, நீ சொன்னால் வேதவாக்கு. பயிற்சியை நிறுத்தச் சொல், ஆள் வைக்கச் சொல், கேட்காவிட்டால் மிரட்டு, முடிந்தால் கிளம்பி வா. கெஞ்சிக் கேட்கிறேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்கவேண்டும். நான் எழுதினதாகக் காட்டிக்கொள்ளாதே, எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துத்தான் தபாலில் போடச் சொல்கிறேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கழிவறைக்கு அவள்தானே தூக்கவேண்டும் என்று தண்ணீர் குடிப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டேன், அவள் வைத்துவிட்டுப் போவதைக் கட்டிலோரத்து ஜன்னல் செடித்தொட்டியில் ஊற்றிவிடுகிறேன். செடி நல்லா தழைக்குதே என்று அவள் சந்தோஷப்படுகிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா