இருவர் படுக்கும் வான்

12 செப்டெம்பர் 2009, சனி

பிரெஞ்சு ஆட்சியிலுள்ள ரியூனியன் தீவைச் சுற்றிவர வான் வண்டி ஒன்று பதிவு செய்துவிட்டேன். நவம்பரில் ஏழு நாள். நானே ஓட்டுவது. உள்ளேயே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, இருவர் படுக்கலாம். என் மனைவி நாயகி, ஊரில் போரை நிறுத்தச் சொல்லி ஏப்ரல், மே இரு மாதமும் இங்கே பாராளுமன்றத்துக்கு முன்னால் குளிரில் நின்றவள். அதன் பிறகு தொலைபேசி அடித்தாலே, ஊரிலிருந்து என்ன செய்தியோ என்று முகம் வெளிறுகிறது. ஒரு கிழமையாவது மணி அடிக்காத இடத்தில் அவள் இருக்க வேண்டும். தெருவின் வலப்பக்கம் ஓட்ட என்னால் முடியுமா? முடியும் என்று எழுதி வைக்கிறேன்.

15 செப்டெம்பர்

வானின் உள்ளளவை முன்னறைக் கம்பளத்தில் பசைநாடாவால் ஒட்டினேன். நில அளவையாளனாக இருந்தவன், கோடு பிசகவில்லை.

20 செப்டெம்பர், ஞாயிறு

இல்ஃபோர்ட்டிலிருந்து நாயகியின் தம்பி கனகலிங்கம் மனைவி மலரோடு வந்தான். என் கோடுகளை மிதித்தபடியே பேசினான்.

"அத்தான், ரெண்டு பேர் தனியப் போய் ஆளை ஆள் பாத்துக்கொண்டிருக்கப் போறியளோ? வானை விடுங்கோ. பெரிய வீடா எடுப்பம். நாங்களும் வாறம், மலரின்ரை தங்கச்சி குடும்பமும் வருகுது. பத்துப் பேர், கலகலப்பா இருக்கும்."

"வானுக்கு நான் ஏற்கெனவே..." என்றேன்.

"அங்கை பிரெஞ்செல்லே பேசுவாங்கள். பொலிஸ் மறிச்சா என்ன செய்வியள், தேவாரம் பாடுவியளோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

21 செப்டெம்பர்

என்ன துணிவு! ஆரைக் கேட்டு? பாரிசில் நாலு வருடம் இருந்துவிட்டால் என் பயணத்துக்கு அவன் அதிகாரியோ? இந்த நாட்டுக்கு வந்தபின் நாங்கள் எங்கே போனோம்? கலியாணம், பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு, செத்தவீடு. படுத்தது எல்லாம் அடுத்தவர் வீட்டு முன்னறையில். ஒரு தரம், ஒரேயொரு தரம், இருவராகப் போனால் குற்றமோ?

இதை அப்படியே சொல்ல அவனை அழைத்தேன். "சொல்லுங்கோ அத்தான்" என்றான். மலரின் முழங்கால் நோவு எப்படி என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன்.

24 செப்டெம்பர்

நாயகியும் அவன் பக்கம்! "தம்பி சொல்லுறதும் சரிதானே." அவளுக்காக அல்லவா இவ்வளவும்! சாப்பிடாமல் எழுந்து டூட்டிங் கடைத்தெருவில் மழைக்குள் நடந்தேன். கடைசியில் அங்கேயே ஒரு கொத்துரொட்டி.

26 செப்டெம்பர், சனி

இன்று குரலை உயர்த்திவிட்டேன். "என்னோடை தனிய வர உமக்கு விருப்பமில்லையோ?"

நாயகி கம்பளத்தில் குந்தி, மெல்லச் சரிந்து, நான் ஒட்டிய கட்டிலுக்குள் படுத்தாள். கையைத் தலைக்கு மேலே நீட்டினாள். விரல்கள் அடுப்புக்கான சதுரத்துக்குள் போய் நின்றன.

"இஞ்சை பாருங்கோ. வீட்டிலை எண்டாலும் அடுப்படியை விட்டிட்டு வந்து படுக்கிறன். இதுக்குள்ளை அடுப்பு என்ரை தலைமாட்டிலை. பத்துப் பேரெண்டா மற்றப் பொம்பிளையளும் சமைப்பினம். ரெண்டு பேரெண்டா ஏழு நாளும் ஆர்?"

கோபம் இன்னும் தணியவில்லை. ஆர் மேல் என்றுதான் தெரியவில்லை.

27 செப்டெம்பர்

நான் வைத்த பருப்பு அடிப்பிடித்தது. நாயகியை அடுப்படிக்குள் வர விடவில்லை.

3 ஒக்டோபர், சனி

சோறு, சொதி, கத்தரிக்காய்க் கறி. எல்லாம் என் கை. "உப்புக் காணாது" என்றாள். ஆனால் இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டாள்.

தொலைபேசி அடித்தது. கனகலிங்கம். நான் எழும்புமுன் அவளே எடுத்தாள்.

"தம்பி, வீட்டை நீங்கள் எடுங்கோ. எங்களுக்கு வான் இருக்கு... ஓமடா, பொலிஸ் மறிச்சா அத்தான் தேவாரம் பாடுவார்."

வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நாளைக்கு என்ன கறி?"