அப்பா ஓடிய படம்

குவைத், 12.3.87

அன்புள்ள அம்மாவுக்கு மகன் சூசைராஜ் வணக்கத்துடன் எழுதுவது. மாதா புண்ணியத்தில் நான் சுகம். நீங்களும் அப்பாவும் சுகந்தானே?

போன வெள்ளிக்கிழமை எங்கள் கேம்ப்பில் வீடியோவில் ஒரு கராத்தே படம் போட்டார்கள். காட்டில் அடைத்து வைத்திருக்கும் கைதிகளை ஒரு வெள்ளைக்காரன் தனியாளாக, காவல்காரர்களை எல்லாம் உதைத்து மீட்கிறான். பாதியில் என் அறைக்காரன், பதுளை ஹுமைத், கத்தினான்: "டேய், இது நம்ம பசறைக் காடுடா!"

நம் ஊர்ப் பக்கம் வந்துதான் படம் பிடித்திருக்கிறார்கள். கைக்கட்டை அவிழ்த்ததும் கைதிகள் ஓடினார்கள். முன்னால் ஓடியது நம் அப்பா! அதுவும் நான் விட்டு வந்த கோடு போட்ட சட்டையில்!

நான் புறப்படும்போது கால் முறிந்து படுத்திருந்தவர். "இப்ப நல்லா நடக்கிறார்" என்று நீங்கள் எழுதியதை நான் நம்பவேயில்லை, அம்மா. காய்ச்சலில் படுத்துக்கொண்டு நானும் "சுகம்" என்றுதானே எழுதினேன். இன்று "சுகம்" என்று எழுதியது நிஜம்.

நம் தோட்டத்துத் தேயிலைத் தூள் கொஞ்சம் அனுப்புங்கள். வேலைக்கு வேன் வந்துவிட்டது.

ஒன்று மட்டும். குண்டு வெடிக்கிற இடத்தில் அப்பா ஒரு பக்கம் திரும்பிச் சிரிக்கிறார். அந்தப் பக்கம், கேமராவுக்கு வெளியே நின்று பார்த்தது நீங்கள்தானே? பதில் வரும்வரை, கேம்ப்பில் கேட்டு வாங்கி வைத்திருக்கும் கேசட்டைத் திருப்பிக் கொடுக்க மாட்டேன்.

உங்கள் மகன்
சூசைராஜ்